எட்டு புள்ளி ஏழு வோல்ட்

நவம்பர் 2, சனி

இந்த வருடத்தின் முதல் பனி. காலை முழுக்க லாரியில் ஏரிச்சாலைப் பனியைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் கைசா நிற்கிறாள். கையில் பீட்சா அட்டைப்பெட்டி. ஒரு கணம், மகள் அம்மாவோடு சாப்பிட வந்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டேன்.

பெட்டிக்குள் ரிமோட்டில் ஓடும் என் பந்தயக் கார். முழங்கை நீளம், மஞ்சள் மேல்கூடு, பக்கவாட்டில் 'கெயில்' என்று நானே ஒட்டிய எழுத்து. மனைவியின் கார் மனைவிக்கு என்று விவாகரத்துக் கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். என் முன்னாள் கணவன் கர்ட் அப்படியே செய்துவிட்டான். கார் வந்துவிட்டது. மோட்டார் இல்லை. ஸ்பீடு கன்ட்ரோலர் இல்லை. பேட்டரி இல்லை. திருகைக் கழற்றி எடுத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். கம்பிகளைக் கட்டரால் நறுக்கி எடுத்திருக்கிறான். வெட்டின நுனிகள் நண்டுக் கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"பேப்பர்ல கார்னுதானே போட்டிருக்கு, மோட்டார்னு போடலையேனு அப்பா சொன்னார்," என்றாள் கைசா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"உள்ள வாடி. அடுப்புல பாஸ்ட்டி இருக்கு. மாவுக்குள்ள கறி நிறைய வச்சு, உனக்குப் பிடிச்ச மாதிரி."

"அப்பா வண்டில வெயிட் பண்றார்."

போய்விட்டாள். பதினேழு வயது. ஏப்ரலில் அந்த வீட்டை விட்டு வெளியேறியது நான்தான். அதனால் ஊர் அவன் பக்கம், மகளும் அவன் பக்கம். அவன் என்னை எப்படி வைத்திருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்வேன்? அடித்தானா, இல்லை. பத்துப் பேர் முன்னால் என்னை ஒரு வார்த்தையில் முட்டாளாக்குவான், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிக்க வேண்டும். இதை எந்த நீதிபதியிடம் சொல்வது?

பன்னிரண்டு வருடம் எங்கள் ஊர் கிளப்பின் டிராக்கில் ஓட்டியிருக்கிறேன். மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது அவன், கன்ட்ரோலரை அமைப்பது அவன், பேட்டரியை சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து வைப்பதும் அவன். "நீ ஓட்டு, அது போதும்" என்பான். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


நவம்பர் 5, செவ்வாய்

டிராக்கோடு ஒட்டியிருக்கும் கடைக்குப் போனேன். மூடிப்போன சூப்பர்மார்க்கெட்தான் எங்கள் டிராக். காய்கறி இருந்த பக்கம் கார்பெட் பாதை, கேஷ் கவுன்ட்டர் இருந்த இடத்தில் டென்னி ட்ரூடோவின் உதிரிபாகக் கடை. டென்னி கர்ட்டின் பள்ளிக்கூடத் தோழன். தெரிந்துதான் போனேன். வேறு கடை என்றால் மார்க்கெட் என்ற பெயருள்ள நகரம் வரை ஓட்ட வேண்டும்.

"வாங்க மகாராணி," என்றான். "என்ன வேணும்?"

"எல்லாம் வேணும். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி. எதுக்கு எது பொருந்தும்னு நீயே சொல்லு."

"ஜெயிக்கணுமா, சும்மா சுத்தி வரணுமா?"

"ஜெயிக்கணும்."

அவன் முகம் மலர்ந்தது. ஏதோ பழைய நட்பு என்று நினைத்தேன். உள்ளே கம்பி நாலரைச் சுற்று சுற்றிய மோட்டார் ஒன்றை எடுத்து வைத்தான். மூன்று செல் பேட்டரி. ஒரு சின்ன கன்ட்ரோலர்.

"கன்ட்ரோலர் சின்னதா இருக்கே, தாங்குமா?"

"கெயில், நீ பனி தள்ற லாரிக்கு வாங்க வரலை. தாங்கும்."

வாங்கிவந்து, சமையல்மேசையில் உட்கார்ந்து நானே பற்றவைத்தேன். இரண்டு விரல் சுட்டுக்கொண்டேன். மூன்று கம்பியும் சரியாக ஒட்டியபோது ஆள் இல்லாத வீட்டில் கைதட்டினேன்.


நவம்பர் 9, சனி

எழுதவே கூசுகிறது.

காரைப் பாதையில் வைக்கும்போதே பார்த்தேன், ஏழெட்டுப் பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். என்னை யாரும் படம் எடுத்ததில்லையே என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. மரமண்டை.

விசையை அழுத்தினேன். கார் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாய்ந்தது, தடுப்புப் பலகையில் மோதித் திரும்பியது. இரண்டாவது வளைவுக்குள் புகை. நேர்பாதையில் தீ. மஞ்சள் மேல்கூடு அப்படியே உருகிச் சொட்டியது. தான் ஓட்டாத நேரங்களில் மைக்கில் வர்ணனை செய்வது கர்ட்தான். கிளப் தலைவர் அல்லவா.

"என்னமோ கருகுற வாசனை வருதே," என்றான் மைக்கில். "பயப்படாதீங்க மக்களே, கெயில் சமைக்கிறா."

கூரை அதிரச் சிரித்தார்கள். எந்த வளைவில் வெடிக்கும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வளைவு என்று சொன்னவனுக்குக் கைகொடுத்தார்கள். மணல் வாளியோடு ஓடிவந்தது பரிசோதகர் ஆர்லோ நைகார்ட் மட்டும். அணைத்துவிட்டு, கன்ட்ரோலர் வந்த பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். இரண்டு செல்லுக்கு மேல் கூடாது. எட்டரைச் சுற்றுக்குக் கீழே போகக் கூடாது. நான் மூன்று செல், நாலரைச் சுற்று. சுற்று குறையக் குறைய மோட்டார் கரண்டைக் குடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் ஓட்டியவளுக்கு.

"படிச்சுப் பாத்து வாங்கியிருக்கலாமேம்மா," என்றார் ஆர்லோ. அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.


நவம்பர் 10

வீடியோவை யாரோ போட்டிருக்கிறார்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். படம் பிடித்தவளின் சிரிப்பு எல்லாச் சிரிப்புக்கும் மேலே கேட்கிறது. அந்தச் சிரிப்பை அது பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும்.


நவம்பர் 12

கைசாவைப் போனில் பிடித்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்மா."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"நீ போறப்ப எங்கிட்ட சொல்லிட்டா போன?"

வைத்துவிட்டாள். நான் போனது அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் கால் எழாது என்றுதான் அப்படிப் போனேன். அதை இனி எப்படிச் சொல்ல?


நவம்பர் 16, சனி

மான் வேட்டை தொடங்கிவிட்டது. ஊரில் ஆண்பிள்ளை ஒருவன்கூட இல்லை, டிராக் மாதக் கடைசி வரை பூட்டு. நல்லதாகப் போயிற்று. மார்க்கெட் நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கடை. கவுன்ட்டரில் முப்பது வயதுக்காரி, வாயில் பற்பசை நிறத்தில் சூயிங்கம். கருகிய கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தேன்.

"இதை உனக்கு வித்தவன் உன்னை வெறுக்கிறானா?" என்று கேட்டாள்.

"அவன் சிநேகிதன் வெறுக்கிறான்."

"எந்த வகுப்புல ஓட்டற? அதைச் சொல்லாம ஒரு திருகுகூடத் தர மாட்டேன்."

ஸ்டாக் வகுப்பு என்றேன். அப்படியானால் தேர்வு முக்கால்வாசி முடிந்தது என்றாள். எல்லோருக்கும் ஒரே பதினேழரைச் சுற்று மோட்டார், ஒரே இரண்டு செல் பேட்டரி, மோட்டாருக்குக் கூடுதல் வேகம் ஏற்றிவிடாத பூஜ்ய நிலையில் கன்ட்ரோலர் — அந்த நிலையில் இருந்தால் அதன் விளக்கு விட்டுவிட்டு மின்னும், பரிசோதகர் பார்த்துக்கொள்ளலாம். பிறகு வித்தியாசம் எங்கே? மோட்டார் அச்சில் மாட்டும் சின்னப் பல்சக்கரத்தில். பேட்டரியின் உள்தடையில், அது குறையக் குறைய வேகம். எடையில். கையில்.

"பெரிய பல்சக்கரம் போட்டா நேர்பாதைல பறக்கும், மோட்டார் சூடாகிச் சாகும். சின்னது போட்டா வளைவுல துள்ளும், நேர்பாதைல எல்லாரும் உன்னைத் தாண்டுவாங்க. ஓட்டி நிறுத்தினதும் மோட்டார் மேல விரல் வச்சுப் பாரு. வைக்க முடிஞ்சா இன்னும் ஒரு பல் ஏத்து. முடியலைன்னா இறக்கு."

"விரல் போதுமா?"

"வெப்பமானி இருக்கு. ஆனா விரலுக்குத்தான் ஞாபகம் இருக்கும்."

கன்ட்ரோலரை மோட்டாருக்குத் தேவையானதைவிட ஒரு படி பெரிதாகவே வாங்கினேன். பேட்டரிகளில் அவளிடம் இருந்த எல்லாவற்றையும் கருவியில் வைத்து அளக்கச் சொன்னேன். முகம் சுளித்தாள். அளந்தாள். உள்தடை மிகக் குறைவாகக் காட்டியதை எடுத்துக்கொண்டேன்.


நவம்பர் 23

மாவட்ட நிர்வாகத்தின் லாரிக் கொட்டகையில் வேலை முடிந்ததும், சாலையில் தூவும் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் பழைய கார்பெட் விரித்து ஓட்டுகிறேன். ஓட்டம், நிறுத்தம், விரல். ஒரு பல் ஏற்று. ஓட்டம். இன்று விரலை வைக்க முடியவில்லை, கொப்புளம். ஒரு பல் இறக்கினேன். இவ்வளவுதானா? இதைத்தானா அவன் பன்னிரண்டு வருடம் எனக்குப் புரியாது என்றான்?


நவம்பர் 28

நன்றி விருந்து நாள். ஒரு ஆளுக்கு வான்கோழி எதற்கு? சாசேஜ் வறுத்துத் தின்றேன். கைசாவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் விழவில்லை.


டிசம்பர் 7, சனி

மூன்றாவது வந்தேன். புகை வராததற்காக யாரோ ஓவென்று கத்தினான். "வெடி எங்கடி?" என்றான் இன்னொருவன். டென்னி என் கண்ணைப் பார்க்காமல் கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முதலாவது கர்ட். இரண்டாவது கைசா, அப்பா தயார் செய்து கொடுத்த காரில்.


டிசம்பர் 14, சனி

ஜெயித்தேன்.

கர்ட்டை மூன்றாவது சுற்றிலேயே தாண்டிவிட்டேன். தாண்டும்போது வேண்டுமென்றே வாலில் இடித்தான், கார் சுழன்றது, திரும்பப் பிடித்தேன். கடைசிச் சுற்றுவரை கைசா முன்னால். கடைசி வளைவில் அவள் வெளிப்பக்கமாக விலகிப் போனாள், உள்பக்கம் ஒரு கார் அகலத்துக்கு இடம், நுழைந்துவிட்டேன்.

அதற்குப் பின் நான் செய்ததை எழுதித்தான் ஆக வேண்டும். ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னடி, அப்பா குடுத்த மோட்டார் களைச்சுப் போச்சா?" என்றேன்.

இந்த முறை என் பக்கம் சிரித்தார்கள். எவ்வளவு எளிதாகப் பக்கம் மாறுகிறார்கள். எவ்வளவு நன்றாக இருந்தது.


டிசம்பர் 25

தூள் பனி, பதினான்கு மணிநேர வேலை. கைசாவின் பரிசை அவர்கள் வீட்டு வாசல் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது.


ஜனவரி 11, சனி

மூன்று வாரமாகக் கைசாவை யாராலும் பிடிக்க முடியவில்லை. வளைவில் என்னைவிட மெதுவாகத்தான் வருகிறாள். ஆனால் வளைவிலிருந்து வெளியே வந்ததும் பின்னால் யாரோ உதைத்த மாதிரி போகிறது அவள் கார். அது பல்சக்கரம் செய்யும் வேலை இல்லை. முதல் ஒரு நிமிடம் மட்டும் அந்த உதை, பிறகு அடங்கிவிடுகிறது. பேட்டரி.

ஓட்டம் முடிந்து அவள் மேல்கூட்டைக் கழற்றும்போது எட்டிப் பார்த்தேன். பேட்டரியின் முதுகு உப்பியிருக்கிறது. மேலே கறுப்பு டேப் சுற்றி மறைத்திருக்கிறது.

கர்ட்டைத் தனியாகக் கூப்பிட்டேன். "அந்த பேட்டரியைத் தூக்கிப் போடு. உப்பியிருக்கு. அளவுக்கு மீறி சார்ஜ் ஏத்தியிருக்கு."

"பாருங்கப்பா," என்று திரும்பிக் கூட்டத்தைக் கூப்பிட்டான். "காரை எரிச்ச பொம்பளை பேட்டரி பாடம் நடத்துறா!"

"கர்ட், அது வெடிக்கும். நம்ம பொண்ணு இருக்கற வீட்ல இருக்கு அது."

"உனக்கு வயிறு எரியுது. அதுதான் இங்க எரியுற ஒரே சாமான்."

கைசாவிடமும் சொன்னேன். டேப் சுற்றிய பேட்டரியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "அதை அப்பா பாத்துக்குவார்" என்று மட்டும் சொன்னாள்.


ஜனவரி 18

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வரும் சனிக்கிழமை குளிர்காலக் கோப்பை. வெளியூர்க்காரர்களும் வருவார்கள். இரண்டு செல் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் எட்டு புள்ளி நாலு வோல்ட், அதற்கு மேலே ஒரு துளி இருந்தாலும் வெளியே. ஆனால் யாராவது ஆட்சேபம் சொன்னால்தான் ஆர்லோ அளப்பார்.

மகள்மேல் ஆட்சேபம் சொல்வதா? இல்லை, அவன்மேல். அவன் முகத்திரை கிழியட்டும். அவள் உயிருக்கும் நல்லது. நல்லதுக்குத்தானே? — நல்லதுக்கு மட்டும்தானா? அந்த மைக்குக்கு முன்னால் அவன் வாயடைத்து நிற்பதை நான் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.


ஜனவரி 25, சனி

செய்துவிட்டேன்.

இறுதிப் போட்டிக்குக் கார்கள் வரிசையில் நின்றன. கை தூக்கினேன். "மூணாம் நம்பர் கார். பேட்டரியை அளக்கணும்."

மூன்றாம் நம்பர் கைசா. ஆர்லோ என்னை ஒரு தடவை பார்த்தார்: வேண்டாம் என்று சொல்லேன் என்கிற பார்வை. நான் சொல்லவில்லை. மீட்டரின் முனைகளை வைத்தார். எட்டு புள்ளி ஏழு. அவர் அதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். முன்வரிசையில் நின்றவன் உரக்கத் திருப்பிச் சொன்னான்.

கைசாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கர்ட் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தான். மீட்டரைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். பிறகு எங்கள் எல்லோரையும்.

"நான்தான் ஏத்தினேன்," என்றான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க."

கைசாவை நீக்கினார்கள். கர்ட் தலைவர் பதவியை அங்கேயே விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. வெளியூர்க்காரர்கள் முன்னால் எங்கள் கிளப்பின் மானம் போயிற்று என்று டென்னிகூட அவன்மேல் பாய்ந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "மைக் வேணாமா? சார்ஜர் கர்ட் பேசுறேன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாசல் வரைக்கும் கத்திக்கொண்டே போனார்கள்.

பார்க்கிங்கில் கைசா என்னிடம் வந்தாள். அழவில்லை. "இனிமே நீ எனக்கு யாரும் இல்ல," என்றாள்.

பிறகு இறுதிப் போட்டி நடந்தது. ஜெயித்தது நான். கோப்பை மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் காபி குடிக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.


ஜனவரி 29

வக்கீலிடம் போனேன். இப்படிப்பட்ட ஆளிடம் என் மகள் இருக்கக் கூடாது என்று மனு. அவள் என்னை வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும், என் வீட்டில் இருந்துகொண்டு வெறுக்கட்டும்.


பிப்ரவரி 8, சனி

மதியம் வேலையில் இருந்தேன். பனிப்புயல், மரங்களே தெரியவில்லை. லாரி ரேடியோவில் கூப்பிட்டார்கள்: சீடர் தெருவில் வீடு எரிகிறது, தீயணைப்பு வண்டி மலையடியில் பனியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, யார் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

சீடர் தெரு. எண் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

நான்தான் பக்கத்தில் இருந்தேன். பனி தள்ளும் கலப்பையை இறக்கி மலை ஏறினேன். என் பின்னால் ஒரு கை தூரத்தில் தீயணைப்பு வண்டியின் சிவப்பு விளக்குகள். பதினெட்டு வருடம் வாழ்ந்த வீட்டுக்கு நானே வழி வெட்டிக்கொண்டு போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் பெயர்தான்.

முற்றத்தில் காலுறையோடு நின்றாள். மேல்சட்டை இல்லை. லாரியிலிருந்து குதித்து என் கோட்டைப் போர்த்தினேன், தள்ளிவிடவில்லை. அவள் அறை ஜன்னலிலிருந்து கறுப்புப் புகை. பனியில் ஒரு குழி, அதற்குள் சார்ஜரும் பேட்டரியும் இன்னும் சீறிக்கொண்டிருந்தன. குழிக்குப் பக்கத்தில் கர்ட் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை பனிக்குள் புதைத்திருந்தான். எரிகிறதை வெறுங்கையால் அள்ளிக்கொண்டு படியிறங்கி வந்திருக்கிறான்.

தீயணைப்பு அதிகாரி கேட்டார்: "பெட்ரூம்ல சார்ஜ் போட்டது யார்?"

"நான்," என்றான் கர்ட். "நான்தான் போட்டேன். எழுதிக்கோங்க."

நான் அவன் அருகே போனேன். அந்தக் கைகளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "என் பொண்ணைக் கொன்னிருப்ப, நாயே," என்றேன்.

அவன் எனக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.


பிப்ரவரி 10

கைசா என் வீட்டில். பிரியத்தினால் அல்ல, போக வேறு இடம் இல்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சுவரைப் பார்க்கிறாள்.

அவனுக்கு வலது கையில் தோல் ஒட்ட வைக்க வேண்டுமாம். இரண்டு விரல் மடங்காமலே போகலாமாம். இனி ரிமோட்டைப் பிடித்து விசை அழுத்த முடியாது. நல்லது என்று எழுதுகிறேன். எழுதிவிட்டேன். நல்லது.


பிப்ரவரி 13

இரவுச் சாப்பாட்டில் மறுபடி ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. "அப்பன்னா இப்படியா? ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்காக உன் தலைமாட்டுல வெடிகுண்டு வச்சவன். வக்கீல்கிட்ட இதையும் சொல்லிட்டேன். ஊர் முழுக்கச் சொல்வேன்."

கைசா முட்கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.


பிப்ரவரி 15, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் டென்னி வந்தான், ஏதோ உதிரிபாகம் கொடுக்க. இப்போது என் சிநேகிதன். வாசலில் நின்றுகொண்டு, "சார்ஜர் கர்ட் எப்படி இருக்கானாம்? நல்லா வெந்துட்டானா?" என்றான். நான் சிரித்தேன். உள்ளேயிருந்து ஏதோ உடைகிற சத்தம். மேசைமேல் இருந்த பந்தயக் கோப்பையைச் சுவரில் எறிந்திருக்கிறாள்.

டென்னி போனதும் சமையலறையில் வந்து நின்றாள்.

"நான்தான்," என்றாள்.

"என்னடி நான்தான்?"

"நான்தாம்மா ஏத்தினேன். ரெண்டு தடவையும்."

சார்ஜரில் வேறு வகை பேட்டரிக்கான நிலை ஒன்று உண்டு, உயர் வோல்டேஜ் வகைக்கு. சாதாரண பேட்டரியை அந்த நிலையில் போட்டால் எட்டு புள்ளி ஏழு வரை ஏற்றிவிடும். அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது; நான் எச்சரித்ததையும் பொறாமை என்றே நினைத்திருக்கிறார். உப்பல் தெரியாமல் டேப் சுற்றியதும் அவள்தான். ஆர்லோ மேசையில் மீட்டரைப் பார்த்த அந்த நொடியில்தான் கர்ட்டுக்கே தெரிந்திருக்கிறது. மகளைப் பார்த்தான், புரிந்துகொண்டான், நான்தான் என்று சொல்லிவிட்டான்.

"வீட்டுக்குப் போனதும் எல்லா பேட்டரியையும் குப்பைல போடச் சொன்னார். நான் ஒண்ணை மட்டும் ஒளிச்சு வச்சேன். அன்னைக்கு அவர் தூங்கிட்டிருந்தார். எவ்வளவு போகும்னு பாக்கலாம்னு..."

"ஏன்? ஏண்டி?"

"நீ கேட்டியேம்மா. மோட்டார் களைச்சுப் போச்சான்னு. எல்லார் முன்னாடியும்."

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா சத்தியம் வாங்கியிருக்கார், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. உங்கிட்ட முக்கியமா. காலேஜுக்குப் போற பொண்ணு, ஊர் வாயில விழக் கூடாதாம். நீ அவரை நாயேன்னு சொன்ன. அவர் கை வெந்துட்டிருந்துது. அப்பவும் சொல்லலை."

அவளைத் தொடப் போனேன். விட்டாள். இறுக்கிக்கொள்ளவில்லை, ஆனால் விட்டாள்.


பிப்ரவரி 16

அவன் நல்லவன் இல்லை. கம்பியை வெட்டியவன், என்னை எரியவிட்டு மைக்கில் சிரித்தவன். அதெல்லாம் அப்படியே இருக்கிறது. இதுவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆளுக்குள் எப்படி வைப்பது?


பிப்ரவரி 17

மனுவைத் திரும்பப் பெற்றேன். காரணம் கேட்டார் வக்கீல். மனசு மாறிவிட்டது என்றேன்.


பிப்ரவரி 22, சனி

மார்க்கெட் நகர ஆஸ்பத்திரி. கைசா என் வண்டியிலேயே இருந்துகொண்டாள். என்னோடு சேர்ந்து உள்ளே வந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். அவள் நேற்றுதான் தனியாக அவனைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

கர்ட் ஜன்னலோரக் கட்டிலில். இரண்டு கைகளும் வெள்ளைக் கட்டுக்குள், குத்துச்சண்டைக்காரன் மாதிரி. முகம் பாதியாகிவிட்டது. வாய் மட்டும் அப்படியே.

"என்ன, போன் கொண்டு வந்தியா படம் எடுக்க?"

"இல்ல. பாஸ்ட்டி கொண்டு வந்தேன்."

"விஷம் வச்சியா?"

"கறிதான் வச்சேன்."

பிய்த்து வாயில் வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டான். பசி ஜெயித்தது, திரும்பினான். நாலைந்து வாய் பேசாமல் தின்றான். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"கைசா உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"எதைப் பத்தி?"

"பொதுவா. அந்த பேட்டரி... அதைப் பத்தி."

"அவ எங்கிட்ட எங்க பேசுறா," என்றேன். "உன்னோட முட்டாள்தனத்தைப் பத்தி எனக்கே தெரியுமே, அவ வேற சொல்லணுமா?"

அவன் தோள்கள் மெல்ல இறங்கின. பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். "ஆமா," என்றான். "முட்டாள்தனம்தான்."

இன்னொரு வாய் கொடுத்தேன்.

"அவ மறுபடி ஓட்டணும்னு சொல்வா," என்றான் மென்றுகொண்டே. "இருபத்தொன்றரைச் சுற்று போட்டுக் குடு. மெதுவான மோட்டார். சூடாகாது, யாரும் பந்தயத்துக்குக் கூப்பிடவும் மாட்டாங்க. ஓட்டுற சந்தோஷம் போதும் அவளுக்கு."

"போதாது. பதினேழரைதான். பல்சக்கரத்தை ரெண்டு பல் இறக்கிப் போடறேன். சார்ஜர் என் கண்ணு முன்னாடி."

"உனக்கு என்னடி தெரியும் மோட்டாரைப் பத்தி," என்றான். பழைய வார்த்தைதான். ஆனால் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னான், பதிலுக்குக் காத்திருந்தான்.

"பத்தொன்பது பல்லு," என்றேன். "விரல் வச்சுப் பாத்துத்தான் சொல்றேன்."

யோசித்தான். "அந்த கார்பெட்டுக்கு இருபது தாங்கும்."

"பாக்கலாம்."

வண்டிக்குத் திரும்பினேன். கைசா ஹீட்டரை முழுக்கத் திருகிவைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டாரா?"

"கேட்டார்."

"நீ?"

"நீ எங்கிட்ட ஒண்ணுமே பேசறதில்லைன்னு சொன்னேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டும்வரை அவள் முதுகுதான் தெரிந்தது. ஏரிச்சாலைக்கு வந்த பிறகு, திரும்பாமலே, "அடுத்த சனிக்கிழமையும் போகலாமா?" என்றாள்.

"போகலாம்," என்றேன். சாலையில் பனி லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் மெதுவாகவே ஓட்டினேன்.